ஒர்க்‌ஷாப் முடிந்ததும் ‘சூப்பர்’ என்கிறார்கள், சரிவான சைட் கொடுத்தால் திணறுகிறார்கள்: ஃபீட்பேக்கை எப்படிக் கேட்பது?

கேள்வி இது: கோத்தகிரிப் பக்கம் ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்கு ஐந்து நாள் டிசைன் சாஃப்ட்வேர் ஒர்க்‌ஷாப் நடத்துகிறீர்கள். இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை 32 பேர். ரெவிட் (கட்டடத்தை முப்பரிமாண மாடலாக உருவாக்குவது), ரைனோ (எந்த வடிவத்தையும் முப்பரிமாணத்தில் வரைவது), கொஞ்சம் கிராஸ்ஹாப்பர் (ரைனோவுக்குள் கட்டளைப் பெட்டிகளை இணைத்து வடிவம் உருவாக்குவது). கடைசி நாள் ஆன்லைன் படிவத்தில் 5-க்கு 4.3 சராசரி வருகிறது. அடுத்த செமஸ்டர் ஸ்டூடியோவில் (டிசைன் வகுப்பில்) பார்த்தால் பலரும் பழையபடி ஆட்டோகேடில் பிளான் மட்டும் வரைகிறார்கள். படிவத்தில் என்ன கேட்டால் உண்மை தெரியும்?

படிவத்தில் மட்டும் கேட்டால் தெரியாது. மாணவர் சேமித்து வைத்த ஃபைலையும் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் தெரியும். 1959-லேயே டொனால்டு கிர்க்பாட்ரிக் பயிற்சி மதிப்பீட்டை நான்கு படியாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் பயன்படுத்துகிறார்களா, அதனால் பலன் உண்டா. உங்கள் 4.3 முதல் படிக்கான விடை. நீங்கள் கவலைப்படுவது மூன்றாவது படியைப் பற்றி. ஒன்றைக் கேட்டுவிட்டு இன்னொன்றுக்கு விடை தேடினால் கிடைக்காது.

முதலில் அந்தச் சராசரியைப் பிரித்துப் பாருங்கள். 22 பேர் 5 கொடுத்து, 4 பேர் 4 கொடுத்து, 6 பேர் 2 கொடுத்தாலும் 4.3 தான் வரும். அந்த 6 பேர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலும் 8 ஜிபி ரேம் லேப்டாப் வைத்திருப்பவர்கள், மேக் வைத்திருப்பவர்கள் (ரெவிட் மேக்கில் நேரடியாக ஓடாது, ரைனோ ஓடும்), முதல் நாள் இன்ஸ்டால் முடியாமல் பக்கத்து சீட் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள். 32 பேர் வகுப்பில் ஒரு ஆள் என்பது 3 சதவீதம். அதனால் சதவீதமே போடாதீர்கள். எத்தனை பேர் என்று எண்ணிக்கையாகச் சொல்லுங்கள். சராசரிக்குப் பதில் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எத்தனை பேர் என்று எழுதி வையுங்கள்.

அடுத்தது, ‘வேகம் அதிகம்’ என்ற வரி. எந்த ஒர்க்‌ஷாப் ஃபீட்பேக்கிலும் இதுதான் அதிகம் வரும் குறை. பயிற்றுநர் இதைப் படித்துவிட்டு அடுத்த முறை மெதுவாகப் பேசுவார், பாதிப் பாடத்தை வெட்டுவார். இரண்டாலும் பயன் இல்லை. ஏனென்றால் அந்த ஒரே வரிக்குப் பின்னால் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருக்கும். ஒன்று, மெஷின் பின்தங்கியது: வியூ திரும்பவே பத்து விநாடி ஆகிறது, அதற்குள் திரையில் அடுத்த கமாண்ட் வந்துவிட்டது. இரண்டு, அடிப்படை இல்லை: ரெவிட்டில் லெவல் (மாடியின் உயரமட்டம்) என்றால் என்ன, வொர்க்பிளேன் (எந்தத் தளத்தின் மேல் வரைகிறோம்) என்றால் என்ன என்று தெரியாமல் நேராக ரூஃபுக்குப் போய்விட்டார்கள். மூன்று, செய்து பார்க்க நேரம் தரவில்லை: பயிற்றுநர் செய்வதை அப்படியே நகல் எடுத்தார்கள், தானாக ஒருமுறையும் செய்யவில்லை. முதலாவதற்கு மருந்து ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு வாரம் முன்பு இன்ஸ்டால் சோதனை. இரண்டாவதற்குக் குழுவைப் பிரிப்பது. மூன்றாவதற்கு அரை மணி காட்டினால் முக்கால் மணி செய்ய விடுவது. ‘வேகம் எப்படி இருந்தது’ என்று கேட்டால் இவை மூன்றும் ஒரே விடையில் கலந்துவிடும். ‘இன்று உங்கள் திரை பயிற்றுநர் திரையோடு ஒத்துப்போகாமல் போனது எந்த இடத்தில்? அப்போது என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். மாணவர் தானாகவே காரணத்தை எழுதிவிடுவார்.

இந்தக் கேள்வியைக் கடைசி நாள் கேட்கக் கூடாது. ஐந்தாம் நாள் மாலை சான்றிதழும் குரூப் போட்டோவும் பஸ்ஸும் மனதில் ஓடும்போது, இரண்டாம் நாள் மதியம் எங்கே மாட்டினோம் என்பது நினைவில் இருக்காது. தினமும் வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கால் தாள் கொடுத்து எழுத வாங்குங்கள். மலையில் மழை நாளில் நெட் போனாலும் தாள் நிற்காது. பெயர் வேண்டாம். ஆனால் லேப்டாப் ரேம் எவ்வளவு, சாஃப்ட்வேர் எந்த வெர்ஷன் என்ற இரண்டு விவரம் மேல் மூலையில் இருக்கட்டும். எந்த ஆண்டு என்று கேட்பதாக இருந்தால் அந்த ஆண்டில் குறைந்தது ஐந்தாறு பேர் இருக்க வேண்டும். நான்காம் ஆண்டிலிருந்து இரண்டே பேர் வந்திருந்தால் பெயர் கேட்டதும் ஆண்டு கேட்டதும் ஒன்றுதான். அவர்கள் ‘நன்று’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போவார்கள்.

தமிழில் எழுதலாம், தமிழும் ஆங்கிலமும் கலந்தும் எழுதலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆங்கிலப் படிவத்தில் ‘குட்’, ‘வெரி யூஸ்ஃபுல்’ என்று ஒற்றை வார்த்தை எழுதும் அதே மாணவர், ‘கான்டூர் இம்போர்ட் பண்ணா எல்லாம் தரையோட தரையா படுத்துக்குது, ஏன்னு தெரியல’ என்று தமிழில் எழுதுவார் (கான்டூர் என்பது தரையில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு). இந்த ஒரு வரி நூறு ‘குட்’டைவிட மேல். என்ன பிழை என்பதே அதில் இருக்கிறது.

அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். ஒர்க்‌ஷாப் நடக்கும் ஊருக்கும் ஃபீட்பேக்குக்கும் என்ன தொடர்பு என்பது இதில் தெரியும். பல ஒர்க்‌ஷாப்களில் பயிற்றுநர் சமவெளியிலிருந்து வருவார். முப்பதுக்கு நாற்பது அடி தட்டை மனையில் வீடு வரையச் சொல்லித் தருவார். எல்லாரும் அழகாக முடிப்பார்கள், எல்லாரும் 5 கொடுப்பார்கள். அதே மாணவருக்கு ஸ்டூடியோவில் குன்னூரில் தேயிலைச் சரிவு ஒன்று சைட்டாக வரும். கொடைக்கானலில் படிக்கட்டுப் போல் இறங்கும் மனை வரும். சரிவு எவ்வளவு, மண் எவ்வளவு வெட்டுகிறோம், தாங்குசுவர் எங்கே, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பதுதான் மலையில் முதல் கேள்வி. 2009 நவம்பரில் நீலகிரியில் நடந்த மண்சரிவுகளுக்குப் பிறகு இதை யாருக்கும் புரியவைக்க வேண்டியதில்லை. ஒர்க்‌ஷாப்பில் கற்றது அங்கே உதவாவிட்டால் அவர் கைப்பழக்கம் உள்ள ஆட்டோகேடுக்குத் திரும்புவார். ‘ஒர்க்‌ஷாப் பிடித்ததா’ என்ற கேள்வியில் இது ஒருநாளும் வெளிவராது.

ஆகவே கடைசி நாள் காலை ஒன்றரை மணி நேரம் ஒரு செயல்சோதனை வையுங்கள். மதிப்பெண் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 10 மீட்டர் அகலம், 18 மீட்டர் ஆழம், மூன்றுக்கு ஒன்று சரிவு, அரை மீட்டர் இடைவெளியில் கான்டூர். 18 மீட்டரில் 6 மீட்டர் ஏறும். 12 இடைவெளி வரும். நடுவில் சரிவின் திசையில் 8 மீட்டர் ஆழத்துக்கு, மனையின் முழு அகலத்துக்கும் ஒரு சமதளம் உருவாக்கச் சொல்லுங்கள். அதன் மட்டம் அந்த 8 மீட்டரின் நடுப்புள்ளியில் உள்ள தரைமட்டம். எவ்வளவு மண் வெட்ட வேண்டும் என்று சாஃப்ட்வேரிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

விடையைக் கையாலேயே சரிபார்க்கலாம். மேல் பாதி 4 மீட்டர் ஆழம். அதன் கடைசியில் தரை 1.33 மீட்டர் உயர்ந்திருக்கும். முக்கோணத்தின் பரப்பு 4 பெருக்கல் 1.33-இல் பாதி, அதாவது 2.67 சதுர மீட்டர். 10 மீட்டர் அகலத்துக்கு 26.7 கன மீட்டர். வெட்டிய பக்கம் செங்குத்தாக நிற்பதாக எடுத்துக்கொண்ட கணக்கு இது. மாணவரின் ஃபைலில் 26, 27 வந்தால் சரி. பூஜ்யம் வந்தால் கான்டூர் கோடுகளுக்கு உயரமே இல்லை; பிராபர்ட்டீஸில் எலிவேஷன் எல்லாம் 0 என்று இருக்கும். மேலே சொன்ன ‘படுத்துக்குது’ புகார் இதுதான். பக்கத்தில் எண்ணை எழுத்தாக மட்டும் எழுதிவிட்டுக் கோட்டை உயர்த்தாமல் விட்டிருப்பார்கள். 940-ஐ ஒட்டி வந்தால் கன அடியில் படிக்கிறார். சம்பந்தமே இல்லாத ராட்சத எண் வந்தால் மில்லிமீட்டரும் மீட்டரும் இம்போர்ட்டில் மாறியிருக்கும். இந்த ஒரு எண், ‘மாடலிங் பகுதி திருப்தியா?’ என்ற கேள்வியைவிட அதிகம் சொல்லும்.

ஃபைலைத் திறக்கும்போது இன்னும் சிலவற்றைப் பாருங்கள். ஒரு ஃபைலுக்கு ஐந்து நிமிடம் போதும். ரெவிட்டில் மேனேஜ் டேபில் ரிவ்யூ வார்னிங்ஸ் திறந்து எத்தனை எச்சரிக்கை, எந்த வகை என்று குறித்துக்கொள்ளுங்கள். பல பேருக்கு ஒரே வகை வந்தால் குறை பாடத்தில் இருக்கிறது, மாணவரிடம் இல்லை. டிடபிள்யூஜி (ஆட்டோகேட்) ஃபைலை லிங்க் செய்தாரா, இம்போர்ட் செய்தாரா, இம்போர்ட் செய்து ‘எக்ஸ்ப்ளோட்’ கொடுத்துத் தனித்தனிக் கோடுகளாக உடைத்துவிட்டாரா? ரைனோவில் செல்பேட்ஆப்ஜெக்ட்ஸ் கமாண்ட் போட்டால் கெட்ட வடிவங்கள் தேர்வாகும். ஷோஎட்ஜஸில் மூடாத விளிம்புகள் தெரியும். கிராஸ்ஹாப்பர் ஃபைல் உங்கள் கணினியில் திறந்ததும் வெறுமையாக, ஆரஞ்சு நிறப் பெட்டிகளாக வந்தால், ரைனோவில் இருந்த வடிவத்தை இன்டர்னலைஸ் செய்யாமல் (கிராஸ்ஹாப்பர் ஃபைலுக்குள்ளேயே சேமிக்காமல்) அனுப்பியிருக்கிறார். அந்த ஃபைலை ஜூரியில் (மதிப்பீட்டுக் குழு முன்) வேறு லேப்டாப்பில் திறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதைச் சொல்லித்தர இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஆனால் பாடத்திட்டத்தில் பெரும்பாலும் இருக்காது.

மலை சைட்டில் மாணவர்கள் ‘சாஃப்ட்வேர் சரியில்லை’ என்று எழுதும் பல குறைகள் உண்மையில் தரவைப் பற்றியவை. இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த) உயரத் தரவில் ஒரு கட்டம் சுமார் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர், ஏறத்தாழ 22 சென்ட். பத்து சென்ட் மனை என்பது 405 சதுர மீட்டர். அந்த ஒரு கட்டத்தில் பாதிகூட இல்லை. அதிலிருந்து அரை மீட்டர் கான்டூர் எடுத்தால் கோடு வழவழவென்று வரும், ஆனால் அந்த மனையின் மேடும் பள்ளமும் அதில் இருக்காது. ஊர் அளவில் பள்ளத்தாக்கைக் காட்ட அது போதும். மனைக்கு டோட்டல் ஸ்டேஷன் சர்வே (கருவி வைத்துப் புள்ளி புள்ளியாக அளப்பது) வேண்டும்.

சர்வேயர் தரும் சிஎஸ்வியிலும் (புள்ளிகளின் பட்டியல் ஃபைல்) ஒரு கண்ணி உண்டு. பெரும்பாலும் புள்ளி எண், நார்த்திங் (வடக்கு நோக்கிய தூரம்), ஈஸ்டிங் (கிழக்கு நோக்கிய தூரம்), உயரம், குறிப்பு என்ற வரிசையில் வரும். ரெவிட்டுக்கு எக்ஸ், ஒய், இசட் மட்டும் அந்த வரிசையில் முதலில் வேண்டும். எக்ஸ் என்பது ஈஸ்டிங். புள்ளி எண்ணை நீக்காமல் கொடுத்தால் வரும் தரைக்கும் சைட்டுக்கும் சம்பந்தமே இருக்காது. எண்ணை நீக்கிவிட்டு வரிசையை மாற்றாமல் கொடுத்தால் தரை வரும், ஆனால் கண்ணாடியில் பார்த்த மாதிரி புரண்டிருக்கும்: வடக்குச் சரிவு கிழக்குச் சரிவாகிவிடும். இது மிக ஆபத்தான பிழை. மாடல் அழகாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது, வெயில் ஆய்வு முழுக்கத் தப்பாகும்.

இன்னொன்று ஆயத்தொலைவு. நீலகிரியும் பழனி மலையும் யூடிஎம் (உலகத்தை வட்டாரங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் குறிக்கும் முறை) 43-ஆம் வட்டாரத்தில் வருகின்றன. நீலகிரியில் நார்த்திங் 12 லட்சம் மீட்டரைத் தாண்டும், கொடைக்கானலில் 11 லட்சத்தைத் தாண்டும். அதை அப்படியே கொண்டுவந்தால் மாடல் சாஃப்ட்வேரின் ஆதிப்புள்ளியிலிருந்து (0,0) ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் போய் நிற்கும். ரெவிட் எச்சரிக்கும், கோடுகள் நடுங்கும். ரைனோவில் மெஷ் (வடிவத்தைத் திரையில் காட்டும் வலை) பிசிறு பிசிறாகத் தெரியும். ஆட்டோகேடிலேயே ஈஸ்டிங், நார்த்திங் இரண்டிலும் ஒரு முழு எண்ணைக் கழித்து, கழித்த எண்ணைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு லிங்க் செய்யச் சொல்லுங்கள். ‘ரெவிட் ஹேங் ஆகுது’ என்ற ஃபீட்பேக்கில் ஒரு பங்கு இதனால் வருவது. மாணவரிடம் ரேம் கூட்டச் சொல்லிப் பலன் இல்லை.

வெர்ஷன் சிக்கல் தனி. ரெவிட் 2024-இல் தரையை உருவாக்கும் பழைய கருவியான டோபோசர்ஃபேஸ் போய் டோபோசாலிட் வந்துவிட்டது. பயிற்றுநர் 2023-இல் கற்றுக்கொடுக்க, மாணவர் 2025 வைத்திருந்தால் தரைப் பாடம் முழுக்கப் பட்டன் தேடுவதிலேயே போகும். புதிய வெர்ஷனில் சேமித்த ரெவிட் ஃபைலைப் பழைய வெர்ஷனில் திறக்கவும் முடியாது. அழைப்புக் கடிதத்திலேயே ஒரே வெர்ஷனைக் குறிப்பிடுங்கள். ஆட்டோடெஸ்க் மாணவர் உரிமம் ஓராண்டுக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். ரைனோவின் சோதனைக் காலம் 90 நாள். ஒர்க்‌ஷாப் அன்று காலாவதியானவர்கள் எத்தனை பேர் என்பதும் உங்கள் முதல் நாள் தாளில் இருக்க வேண்டும். இன்ஸ்டாலரை பென்டிரைவில் கொடுத்தாலும் உரிமத்துக்கு லாகின் செய்ய நெட் வேண்டும். அதை ஊரில் இருக்கும்போதே முடித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

காலநிலை ஆய்வுப் பகுதி வைத்திருந்தால் அதற்கும் ஒரு கேள்வி: ‘எந்த ஊரின் வானிலைக் கோப்பைப் பயன்படுத்தினீர்கள், ஏன்?’ கோயம்புத்தூர் கோப்பை எடுத்து ஊட்டி வீட்டுக்குக் குளிரூட்டல் கணக்கு போட்டவர்கள் இதில் வெளிப்படுவார்கள். இரண்டுக்கும் உயர வித்தியாசம் 1,800 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி என்று வைத்தால் சுமார் 12 டிகிரி தப்பு. சூரியப் பாதைக்கு மட்டும் கோயம்புத்தூர் அட்சரேகை பரவாயில்லை. ஊட்டியில் டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே 55 டிகிரி உயரத்தில் இருக்கும். ஜூன் 21-இல் வடக்கே 78 டிகிரி. ஆனால் எதிர்மலையை மாடலில் சேர்க்காவிட்டால் மாலை வெயில் கணக்கு எப்படியும் தப்பாகும்.

எழுதி வாங்கியதைத் திருப்பிச் சொல்வது கேட்பதைவிட முக்கியம். மறுநாள் காலை முதல் பத்து நிமிடம்: ‘நேற்று இவ்வளவு பேர் லெவல் அமைப்பதில் மாட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். இன்று முதல் அரை மணி அதற்கே.’ ஒருநாள் இதைச் செய்தால் அன்று மாலை வரும் தாள்கள் நீளமாக இருக்கும். எழுதியதால் ஏதாவது மாறுகிறது என்று தெரிந்த பிறகுதான் மாணவர் மனம் திறந்து எழுதுவார். எதுவுமே மாறாத இடத்தில் பையன்கள் மரியாதைக்கு ‘சூப்பர் சார்’ என்று எழுதுவது நியாயம்தான். சான்றிதழைப் படிவத்தோடு கட்டிப்போடாதீர்கள். படிவம் கொடுத்தால்தான் சான்றிதழ் என்றால் எல்லாமே 5 ஆகிவிடும். படிவத்தைப் பயிற்றுநரே வாங்கவும் கூடாது. அவர் அறையில் இல்லாதபோது மாணவர் பிரதிநிதி வாங்கி உறையில் போட்டுத் தரட்டும்.

‘முன்பு உங்கள் ரெவிட் அறிவு எவ்வளவு, இப்போது எவ்வளவு’ என்று முதல் நாளும் கடைசி நாளும் தனித்தனியாகக் கேட்பது பலரும் செய்யும் தவறு. முதல் நாள் மாணவர் தனக்கு 4 போட்டுக்கொள்வார், ஏனென்றால் தெரியாதது எவ்வளவு என்பதே தெரியாது. ஐந்து நாள் கழித்து அது புரிந்து 3 போடுவார். கணக்குப்படி ஒர்க்‌ஷாப்பால் அறிவு குறைந்துவிட்டது! இரண்டையும் கடைசி நாளிலேயே கேளுங்கள்: ‘வரும்போது எங்கே இருந்தீர்கள் என்று இப்போது நினைக்கிறீர்கள்? இப்போது எங்கே?’ முதல் நாள் உண்மை நிலை வேண்டுமென்றால் 15 நிமிட வேலை கொடுங்கள்: மூன்று கான்டூர் கோடுகளைச் சரியான உயரத்தில் வரைந்து சேமிக்கட்டும். அதை வைத்தே குழுவையும் பிரித்துவிடலாம்.

ஒரு கேள்வியில் இரண்டு விஷயத்தைப் போடாதீர்கள். ‘பாடமும் பயிற்றுநரும் திருப்தியாக இருந்தார்களா?’ என்றால் எதற்குப் பதில் வந்தது என்று தெரியாது. சாப்பாடு, தங்குமிடம், குளிர் பற்றிய கேள்விகளைத் தனித்தாளில் வையுங்கள். சமவெளியிலிருந்து வந்த மாணவர்களுக்கு ஹாலில் விரல் விறைத்தால் அன்றைய பாடத்துக்கும் குறைந்த மதிப்பெண்தான் விழும். அதைத் தனியாகப் பிடித்தால்தான் பாடத்தைக் குறை சொல்லாமல் ஹீட்டருக்கு வழி பார்க்க முடியும். மே மாத சீசனைத் தவிர்த்துவிடுங்கள். அறை வாடகை ஒருபுறம். 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. அதில் தாமதமாகி வருபவர்கள் முதல் நாளின் 15 நிமிட வேலையைத் தவறவிடுவார்கள்.

கடைசியாக, நீங்கள் உண்மையில் தேடும் விடைக்கு ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, ஸ்டூடியோவின் முதல் ரிவ்யூ முடிந்த கையோடு, மூன்றே கேள்வி அனுப்புங்கள். ‘இந்த ரிவ்யூவுக்கு எந்தத் தாளை ஒர்க்‌ஷாப்பில் கற்ற சாஃப்ட்வேரில் செய்தீர்கள்?’ ‘செய்யத் தொடங்கி விட்டுவிட்டது எது, எந்த இடத்தில் விட்டீர்கள்?’ ‘அப்போது யாரிடம் கேட்டீர்கள்?’ மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேரின் பெயர் திரும்பத் திரும்ப வரும். அடுத்த ஒர்க்‌ஷாப்பில் அவர்களை உதவியாளர்களாக வையுங்கள், எட்டு மாணவருக்கு ஒருவர் என்ற கணக்கில். இரண்டாவது கேள்வியின் பதில்களை அப்படியே, திருத்தாமல், பயிற்றுநருக்கு அனுப்புங்கள். அடுத்த ஒர்க்‌ஷாப்பின் பாடத்திட்டத்தை அவர் அதிலிருந்தே தொடங்கட்டும்.